செங்கல்பட்டு ஆய்வைத் தோல்வி என்பது சரியா?

பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி பற்றிய பேச்சில் செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வை 'தோற்றுப்போன ஆய்வு' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும் வழக்கம் மருத்துவம் படித்தவர்களிடமும் இருக்கிறது. பொய்த்தது ஊசியின் மீது வைத்திருந்த நம்பிக்கை; அதைக் கண்டறிந்து சொன்ன ஆய்வின் மீது அந்தப் பழியைச் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடையே 1950களில் நடந்த ஆய்வு, பி.சி.ஜி. ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புத் தருவதாகக் காட்டியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த ஆய்வுகளிலோ பயன் மிகக் குறைவாகவே தெரிந்தது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் ஆய்வு தொடங்கியது. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்யப்பட்டனர்; பாரிஸ், கோபன்ஹேகன் என்ற இரு வகை ஊசிமருந்துகளில் ஒன்றோ, மருந்தில்லாத போலி ஊசியோ, யாருக்கு எது என்று போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் தெரியாதபடி போடப்பட்டது. பின்னர் எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை என்று 15 ஆண்டுகள் அந்த ஊர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். (கணினி வசதி அரிதாயிருந்த காலத்தில் இத்தனை பேரின் பதிவேடுகளைப் பிசகாமல் காத்த களப்பணியாளர்களை யார் நினைவில் வைத்திருக்கிறோம்?)

1979இல் வெளிவந்த முதல் முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கணக்கும் அதையே உறுதிசெய்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள்) இப்பகுதி மக்களின் உடலில் முன்பே ஓரளவு எதிர்ப்பை உண்டாக்கியிருந்ததால் ஊசியின் கூடுதல் பயன் வெளித்தெரியவில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுபவற்றுள் முக்கியமானது. கிருமியின் சாற்றைத் தோலில் செலுத்தி உடலின் எதிர்வினையைப் பார்க்கும் தோல் பரிசோதனையில் அத்தகைய கிருமிகளுக்கான எதிர்வினை இங்கே மிகப் பரவலாக இருந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல பி.சி.ஜி.யின் பயன் கூடுவதைப் பிற்கால ஒப்பீடுகள் காட்டியபோது, நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகிலுள்ள திருவள்ளூரின் விடை விதிவிலக்காகத் தெரியவில்லை.

குழந்தைகளுக்கு ஊசி வேண்டாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது குழந்தைகளைக் காக்கிறது. பிறந்தவுடன் போடப்படுவது அதனால்தான்.

2024இல் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கும், குறிப்பாக முதியோர், நீரிழிவு உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள் ஆகியோருக்கு, பி.சி.ஜி. போடும் திட்டம் தொடங்கியது. இந்தப் பிரிவினரிடம் மீண்டும் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், பெரியவர்களிடம் இந்த ஊசி எப்படிச் செயல்படும் என்பதற்கு நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய சோதனையை அந்தத் திட்டம் பற்றிய பொதுப் பேச்சில் நான் காணவே இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே சராசரியை அறிவித்துவிட்டு நகர்ந்தால், ஊசி கடலோரச் சமவெளியில் பயனற்றதாகவும் மலைநாட்டில் பயனுள்ளதாகவும் இருந்தால்கூட அது ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும். முடிவுகளை மாவட்டவாரியாக, தோல் பரிசோதனை விவரங்களோடு வெளியிட வேண்டும் என்று திட்டத்தை நடத்துவோரிடம் நம் மருத்துவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் இப்போதே கேட்க வேண்டும்.