லுமென் மட்டும் கண்ணைக் கூசச் செய்வதில்லை

சைக்கிளில் 200 லுமெனுக்கு மேல் விளக்குப் பொருத்தினாலே எதிரே வருபவரின் கண் கூசும் என்று ஒரு நண்பர் மேலே எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்துவருவதால் சொல்கிறேன்: அது சரியல்ல, நண்பரே. லுமென் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி கண் உயரத்துக்கு ஏறினால்தான் கூசும். மேலே தூக்கி வைத்த 150 லுமென் டார்ச்கூடக் கண்ணைப் பறிக்கும். ஒளி மேலே பரவாதபடி அதன் மேல்விளிம்பை வெட்டிய விளக்கு, லுமென் கூடுதலாக இருந்தாலும், சரியாகச் சாய்த்திருந்தால் பறிக்காது.

நீங்களே சோதிக்கலாம். இருட்டியபின், சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கின் உயரத்தில் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பளிச்சென்ற பகுதி முழுவதும் கோட்டுக்குக் கீழேயே விழ வேண்டும். வட்டமாகப் பரவும் டார்ச் என்றால் இன்னும் நன்றாகவே சாய்க்க வேண்டும். பிறகு வேறொருவரைச் சைக்கிளில் உட்காரவைத்து, முப்பது அடி எட்டிப் போய்த் திரும்பிப் பாருங்கள்.

பள்ளத்தில் குலுங்கினால் விளக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை நெகிழ்ந்து விளக்கு தானாகவே நிமிர்ந்துவிடக்கூடும். கிளம்பும்போதெல்லாம் கையால் தொட்டுப் பாருங்கள். தேவிபட்டினம் சாலையில் விடியுமுன் மீன்கூடையோடு எதிரே வருபவருக்கு, கண் ஒரு நொடி இருண்டாலும் ஓரத்து மணல் தெரியாது.