பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவாம், அதனால் விலை கூடவாம்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணி விற்கிறவர்கள் போடுகிற விளம்பரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன்பு 'உறுதிக் காணி, நல்ல தண்ணி, ஏ9 வீதிக்கு அண்மை' என்று இருக்கும். இப்போது அதற்கும் மேலே ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் வந்து நிற்கிறது. இன்ன கல்லூரிக்கு நடந்து போகிற தூரம் என்ற அந்த ஒரு வரிக்காகப் பரப்புக்கு விலை ஏறுகிறது. வாங்க வருகிறவர்களும் கிணறு உவரா நன்னீரா என்று பார்க்க முதலே, "அங்க பதிஞ்சா தரம் ஒண்டுக்கு எடுபடுமோ?" என்றுதான் தரகரிடம் கேட்கிறார்கள்.

பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அரச பள்ளிக்கூடத்தில் தரம் 1 அனுமதியின் பெரும்பங்கு அண்மையில் வசிப்பவர்களுக்குப் போகிறது. வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பெயர் இருக்கிறதா, வீட்டுக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். நீங்கள் கேட்கிற பள்ளிக்கூடத்தை விடக் கிட்டவாக வேறொன்று இருந்தால் அதற்கும் புள்ளி வெட்டு. அதனால் பிள்ளை தவழத் தொடங்குவதற்குள் நகரத்தில் ஒரு விலாசம் தேவைப்படுகிறது. கல்வி இலவசம்தான். ஆனால் அந்த விலாசம் இலவசம் இல்லை.

இதில் வன்னிக்கென்று ஒரு வஞ்சகம் இருக்கிறது. எங்களுடைய குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த பேர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. கைமாற்றினாலும், சொந்த உரிமையோடு விற்கக்கூடிய உறுதிக் காணியின் விலை வராது. வட்டக்கச்சியிலோ முத்தையன்கட்டிலோ வாய்க்கால் தண்ணி பாய்கிற வயலை அடிமாட்டு விலைக்குக் கைவிட்டு, அந்தக் காசில் நகரத்துக்குள் இரண்டு பரப்பு உறுதிக் காணி வாங்கப் பார்க்கிறது ஒரு குடும்பம். மூன்று போகத்தில் சம்பாதிக்கக்கூடியதை ஒரு மதிலுக்கும் கேற்றுக்கும் கொடுத்துவிட்டு, தகப்பன் கூலி வேலைக்குப் போகிறார். 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பேர்மிட்டும் கையில் இல்லாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விற்க ஒன்றுமில்லாத அவர்கள் இந்த ஓட்டத்தில் சேரவே முடியாது.

சரி, இவ்வளவு கொடுத்து வாங்குகிற அந்தப் பெயர் எப்படி உண்டாகிறது?

பெறுபேறு வந்ததும் வாசலில் பதாகை ஏறும். சாதாரண தரப் பரீட்சையில் 9ஏ எடுத்த பிள்ளைகளின் படம், கீழே அதிபரின் வாழ்த்து. அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்து, தரம் 6க்குக் கிராமத்திலிருந்து வந்தவர்கள்! அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியது, பெருக்கல் வாய்ப்பாடு பழக்கியது, காய்ச்சல் என்றால் வீடு தேடிப் போய்ப் பார்த்தது எல்லாம் ஊரிலுள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ரீச்சர். அவருடைய பெயர் எந்தப் பதாகையிலும் வராது. நன்றாகப் படிக்கிற பிள்ளை வெளியேறியதால் அவருடைய பள்ளிக்கூடத்தின் பெறுபேறு விழும். அதைக் காட்டியே அடுத்த குடும்பமும் வெளியேறும். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறையும். பிறகு 'அந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை' என்று நாங்களே சொல்வோம்.

நகரப் பள்ளிக்கூடங்களில் நல்ல ஆசிரியர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே தேறிய பிள்ளைகளைச் சேர்த்து, அந்தப் பிள்ளைகள் பின்னேரம் வவுனியா வைரவப்புளியங்குளத்துக்கு ரியூசனுக்கும் போய்ப் படித்து எடுத்த பெறுபேற்றை வைத்து, ஒரு கட்டடத்தின் கற்பித்தலை அளக்க முடியாது. அதை வைத்துப் பக்கத்துக் காணியின் விலையைத் தீர்மானிப்பது அதைவிட மோசம்.

எங்களுக்கு இது தெரியாததும் இல்லை. 1996இல் போரினால் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் கொட்டில்களிலும் மரங்களுக்குக் கீழும் பள்ளிக்கூடம் நடந்தது. சொந்தக் காணி கிடையாது, கரும்பலகைக்கும் தட்டுப்பாடு. அங்கே படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். 2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தபடியே பிள்ளைகள் புலமைப்பரிசிலும் உயர்தரமும் எழுதினார்கள். அப்போது பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, அவர்களோடேயே தங்கியிருந்த ஆசிரியர்கள்.

இன்று ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இல்லாமல் போனது அந்தத் தங்குதல்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வருகிற ஆசிரியை ஒன்றரைக்கு மணி அடித்ததும் திரும்பவும் பஸ்ஸுக்கு ஓடத்தான் வேண்டும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிகிற நாளை அவர் எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன பிழை? தண்ணியும் மின்சாரமும் பாதுகாப்பும் உள்ள ஆசிரியர் விடுதி ஒன்று அந்தக் கிராமத்தில் இருந்தால் கணிதமும் ஆங்கிலமும் பின்னேரத்திலும் நடக்கும். நாங்கள் காணிக்குக் கொட்டுகிற காசோடு ஒப்பிட்டால் அப்படி ஒரு விடுதிக்கு ஆகிற செலவு பெரிதில்லை.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீதம் மேலதிகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் கிராமத்துப் பிள்ளையும் கிளிநொச்சி நகரத்தின் நடுவில் ரியூசனோடு படிக்கிற பிள்ளையும் ஒரே பட்டியலில்தான் போட்டியிடுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த ஒதுக்கீடும் நகரத்துக்கே போய்ச் சேரும்.

ஆகவே வயலை விற்றுவிட்டு நகரத்துக்குள் வரலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் போங்கள். அதிபர் எத்தனை வருடமாக இருக்கிறார், எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டாமல் வாசிக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் நாலு பெற்றோராகச் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்.

எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். உங்கள் ஊர், பள்ளிக்கூடம், எந்தப் பாடத்துக்கு எவ்வளவு காலமாக ஆசிரியர் இல்லை, ஆசிரியர் விடுதி இருக்கிறதா, இருந்தால் என்ன நிலையில் இருக்கிறது என்ற விபரங்களை உள்பெட்டியில் அனுப்புங்கள்.