பாமசி பரிசோதனை அறிக்கையை எங்களுக்கும் காட்டுங்கள்

பிரித்தானியாவில் ஒரு பாமசியைப் பரிசோதித்தால் அந்த அறிக்கையை யாரும் இணையத்தில் எடுத்து வாசிக்கலாம், 2019இலிருந்து அதுதான் நடைமுறை. போடொக்ஸ் (முகச் சுருக்கத்துக்குப் போடுகிற ஊசி), ஃபில்லர் (தோலை நிரப்பிக் காட்டுகிற ஊசி) போன்ற அழகு சிகிச்சைப் பொருட்களை கிளினிக்குகளுக்கு அனுப்புகிற தனியார் பாமசிக்கும் விலக்கில்லை. மருந்துச்சீட்டு எழுதியவர் பதிவு பெற்றவரா, பிரிட்ஜ் 2 முதல் 8 பாகைக்குள் நிற்கிறதா, மருந்து போய்ச் சேரும் வரை குளிர் தாங்குமா என்றெல்லாம் பார்த்து, சரியில்லை என்றால் சரியில்லை என்றே கடையின் பெயரோடு எழுதுவார்கள்.

எங்கள் திருகோணமலையில்? இங்கே பரிசோதனை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது, உணவு மற்றும் ஔடத பரிசோதகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து என்ன கண்டார்கள் என்று மருந்து வாங்குகிற எனக்கு யார் சொல்கிறார்கள்? அம்மாவுக்கு இன்சுலின் வாங்கப் போன ஒரு பாமசியில் பிரிட்ஜ் கதவில் வெப்பநிலைத் தாள் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் 5. உள்ளே இன்சுலின் பெட்டிகளோடு தண்ணீர்ப் போத்தல், யாருடையதோ சாப்பாட்டுப் பெட்டி. எனக்கு வயிறு எரிந்தது.

இன்சுலினுக்கே இந்த நிலை என்றால், பியூட்டி பாலர்களில் போடுகிற ஊசிகளை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் நெருங்கினால் பிள்ளையை வெள்ளையாக்க வேண்டும் என்று குளுட்டதயோன் ஊசி தேடுகிறார்கள் (அந்தப் பிள்ளையின் நிறத்துக்கு என்ன குறை என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள்). தோலை வெளுப்பாக்க எந்த ஊசிக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்ததில்லை. இங்கேயோ மெசஞ்சரில் ஓடர் போட்டால் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வந்துவிடும், ஐஸும் இல்லை, மருந்துச்சீட்டும் இல்லை, யார் அனுப்பியது என்ற விவரமும் இல்லை.

போடொக்ஸ் கிறீம் மாதிரி பூசிக் கழுவுகிற சாமான் இல்லை, பொட்டுலினம் என்ற நச்சிலிருந்து எடுக்கிற மருந்து. 2025 ஜூன், ஜூலையில் இங்கிலாந்தில் 38 பேருக்கு அழகு ஊசிக்குப் பிறகு பொட்டுலிசம் வந்தது. கண் இமை தொங்கி, பேச்சுக் குழறி, விழுங்க முடியாமல் போகிற வருத்தம் அது. அனுமதியில்லாத மருந்துதான் காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். அவ்வளவு கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே கள்ள மருந்து நுழைகிறது.

அறிக்கையை வெளியிட்டால் சின்னக் கடைக்காரர் அழிந்துபோவார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரித்தானியாவில் தவறிய கடைக்குத் திருத்தத் திட்டம் கொடுத்து, காலக்கெடு வைத்து, திரும்பப் போய்ப் பார்த்து, திருத்தியிருந்தால் அதையும் எழுதுகிறார்கள். இந்த ஊரில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட்டு மருந்தைக் காப்பாற்றுகிற பாமசிக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய ஒழுங்கும் இன்று யாருக்கும் தெரியாமல்தான் கிடக்கிறது.

முழு அறிக்கைக்குக் காலம் எடுக்கும் என்றால் சரி, கடைசியாகப் பரிசோதித்த திகதியையும் முடிவையும் மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதிக் கடை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். குளிரில் வைக்கிற மருந்து விற்கிற கடைகளிலிருந்து தொடங்கலாம். அதிகாரசபைக்குக் கடிதம் எழுதப்போகிறேன், கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.