தெர்மாகோலைக் கழற்றலாமா?

தென் கொரியாவின் கங்வா தீவு, வடக்குக் கரையோரத்தில் ஒரு சிற்றூர். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வட கொரியா. 2025 ஆகஸ்டு கடைசி வாரம். மிளகாய் காயவைக்கும் பருவம். சுன்ஜா அக்காவுக்கு எண்பது வயது. அடுத்த வீட்டு மிஜோங்குக்கு அறுபத்தாறு. முற்றத்தில் பாய் விரித்துச் சிவப்பு மிளகாயைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா வீட்டு வடக்கு ஜன்னலில் தெர்மாகோல் பலகை, அதன் மேல் நீலத் தார்ப்பாய், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும் நாடா. அங்கே ஜன்னல் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

மிஜோங்: அக்கா, இந்த வெயிலில் உள்ளே எப்படிப் படுக்கிறீர்கள்? அடுப்புக்குள் படுத்த மாதிரி இருக்குமே.

சுன்ஜா: வியர்க்கிறது. வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். அந்த ஊளையைத் துடைக்க முடியுமா?

மிஜோங்: ஊளை நின்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது! ஜூன் 11 அன்று நம் ராணுவம் தன் ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. மறுநாளே அவர்களும் நிறுத்திவிட்டார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் நம்முடையவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

சுன்ஜா: நாம் கழற்றினோம். அவர்கள்?

மிஜோங்: அவர்களும் சிலவற்றைக் கழற்றுவதாக நம் ராணுவத் தலைமை 9-ஆம் தேதி சொன்னதே.

சுன்ஜா: 14-ஆம் தேதி அந்தத் தங்கை என்ன சொன்னாள்?

மிஜோங்: எந்தத் தங்கை?

சுன்ஜா: ஊருக்கே தெரிந்த தங்கை. வட கொரியத் தலைவன் கிம் ஜோங் உன்னின் தங்கை கிம் யோ ஜோங். நாங்கள் எதையும் கழற்றவில்லை, கழற்றும் எண்ணமும் இல்லை என்று அறிக்கை விட்டாளா இல்லையா? நல்லது செய்தாய் என்று பாராட்டினால்கூட, நான் செய்யவே இல்லை என்று சண்டைக்கு வருகிற குடும்பம் அது. அவர்களை நம்பி நான் ஜன்னலைத் திறக்க வேண்டுமா?

மிஜோங்: அறிக்கையை விடுங்கள், அக்கா. காதுக்கு என்ன கேட்கிறது? தவளை. நேற்று இரவு ஒரு கொசு பறக்கும் ஓசை கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். போன வருடம் ஜூலையிலிருந்து இந்த ஜூன் வரை, ஒரு கொசுவின் குரலையாவது நாம் கேட்டிருக்கிறோமா?

(உண்மைதான். அந்தப் பதினொரு மாதமும் அக்கரையிலிருந்து வந்தது பேச்சோ பாட்டோ அல்ல. ஓநாய் ஊளையும், இரும்பை இரும்பால் சுரண்டும் ஓசையும், பேய் அழுவது போன்ற ஒன்றும். அணு ஆயுதம் வைத்திருக்கும் அரசு ஒன்று கிராமத்துக் கிழவிகளோடு போர் செய்ய எடுத்த ஆயுதம் அது.)

மிஜோங்: என் கோழிகள்கூடப் பழையபடி முட்டையிடத் தொடங்கிவிட்டன. சத்தத்தில் பாதிதான் இட்டன. அவை நம்பிவிட்டன, உங்களுக்கு என்ன?

சுன்ஜா: உன் கோழிக்கு என்ன வயது?

மிஜோங்: இரண்டு இருக்கும்.

சுன்ஜா: 2018-ஐப் பார்த்திருக்கிறதா அது? அனுபவம் போதாத பிராணி. அதன் சாட்சி செல்லாது.

மிஜோங்: 2018 நல்ல வருடம்தானே! ஏப்ரல் 27, எல்லையில் பன்முன்ஜோம். ஒரு சாண் உயரம்கூட இல்லாத அந்தச் சிமெண்டுத் திட்டைத் தாண்டி கிம் ஜோங் உன் இந்தப் பக்கம் வந்தார், நம் அதிபர் மூனின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துப் போனார். நான் டிவி முன்னால் அழுதேன்.

சுன்ஜா: நீ அழுததோடு நிறுத்தவில்லை. பியோங்யாங்கிலிருந்து நெங்மியோன் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவன் சொன்னதும், மறுநாளே சியோலுக்குப் போய் அந்தக் குளிர்ந்த நூடுல்ஸுக்காக வரிசையில் நின்றாய்.

மிஜோங்: இரண்டு மணி நேரம். நன்றாகத்தான் இருந்தது.

சுன்ஜா: நூடுல்ஸ் செரித்தது. அதன் பிறகு வந்தது செரிக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் வட கொரியாவின் கேசோங்கில் இரு தரப்புக்கும் பொதுவாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். கட்டடத்தைச் செப்பனிட்டது யார் பணம்? நம் பணம். 2020 ஜூன் 16 அன்று அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதுவும் எப்படி? தகர்த்துவிடுவோம் என்று அதே தங்கை மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டாள்.

மிஜோங்: பாருங்கள்! சொன்னதைச் செய்கிறவர்கள்.

சுன்ஜா: கெட்டதைச் சொன்னால் செய்வார்கள். அதில் ஒரு நாளும் வாக்குத் தவறியதில்லை.

மிஜோங்: நம் ஊர்ப் பழமொழி ஒன்று இருக்கிறதே, ஆமையைக் கண்டு அரண்டவன் சட்டி மூடியைப் பார்த்தாலும் அலறுவான் என்று. நீங்கள் சட்டி மூடியைப் பார்த்து அலறுகிறீர்கள்.

சுன்ஜா: ஆமை என் காலைக் கடித்துவிட்டுத்தானே சட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது? கேள். 2008 ஜூன் 27. யோங்பியோன் அணு உலையின் குளிர்விப்புக் கோபுரத்தை உலகமே டிவியில் பார்க்க இடித்தார்கள். இடிக்கும் செலவுக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது. பதினொரு மாதம் கழித்து இரண்டாவது அணுகுண்டுச் சோதனை. பிறகு 2018 மே மாதம், புங்கேரியில் சோதனைச் சுரங்கங்களின் வாயை வெளிநாட்டு நிருபர்களை வரவழைத்து வெடித்து மூடினார்கள். 2022-இல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், அங்கே மறுபடி மண் தோண்டுகிறார்கள். என் மாமியார் இருந்தாரே, அவருக்குச் சோஜு மது மேல் கொஞ்சம் ஆசை. இனி தொட மாட்டேன் என்று வருடத்துக்கு ஒரு முறை புட்டியை முற்றத்தில் போட்டு உடைப்பார். ஊரே கூடி நின்று பார்க்கும்.

மிஜோங்: பிறகு?

சுன்ஜா: ஒவ்வொரு முறையும் உடைந்தது காலிப் புட்டி.

(மிஜோங் சிரிக்கிறாள். சிரித்துவிட்டோமே என்று கோபமும் வருகிறது. ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளுகிறாள்.)

மிஜோங்: எல்லாம் அவர்கள் தலையிலேயே போடுகிறீர்கள். 1994-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்களே. அவர்கள் புளுட்டோனியத்தை நிறுத்த வேண்டும். மற்றவர்கள் இரண்டு மின் உலை கட்டித்தர வேண்டும், அதுவரை வருடத்துக்கு ஐந்து லட்சம் டன் எண்ணெய் தர வேண்டும். எண்ணெய் தாமதமாகத் தாமதமாக வந்தது. உலை கடைசிவரை வரவே இல்லை.

சுன்ஜா: அவர்கள் அந்தப் பக்கம் யுரேனியத்தைத் தனியாகச் செறிவூட்ட முயன்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்.

மிஜோங்: சொல்கிறேன். அவர்களும் ஏமாற்றினார்கள். ஆனால் அக்கா, அவர்கள் இடத்திலிருந்து பாருங்கள். லிபியாவின் கடாபி 2003-இல் அணு ஆயுதத் திட்டத்தை ஒப்படைத்தார். 2011-இல் அவர் கதி என்ன ஆனது என்று பியோங்யாங்கில் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அதோடு நம்மைத்தான் எப்படி நம்புவது? அவர்கள் வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே குடும்பம். நம் வீட்டிலோ ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாமியார் மாறுகிறார். ஒரு மாமியார் பலகாரம் சுட்டு அனுப்புகிறார். அடுத்தவர் வந்து பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறார். எந்த மருமகளுக்குத்தான் பயம் இருக்காது?

சுன்ஜா: (சற்று யோசித்து) அந்த நாய் விஷயம் கொஞ்சம் அசிங்கம்தான்.

மிஜோங்: அதேதான்! 2018-இல் கிம் இரண்டு புங்சான் நாய்களைப் பரிசாக அனுப்பினார். கோமி, சொங்காங். மூன் பதவியிலிருந்து இறங்கினார். அதன் பிறகு நாய்க்குத் தீனி வாங்க யார் பணம், எந்த விதியின் கீழ் என்று ஆறு மாதம் பேசி, 2022 நவம்பரில் நாய்களை அரசாங்கத்திடமே திருப்பி ஒப்படைத்தார். சமாதானத்தின் சாப்பாட்டுச் செலவை யார் கொடுப்பது என்றே நமக்குள் முடிவாகவில்லை.

சுன்ஜா: இருந்தாலும் நாய் வேறு, குப்பைப் பலூன் வேறு.

மிஜோங்: அந்தப் பலூன்கூட அவர்களாக ஆரம்பித்ததா? வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர்கள் இங்கிருந்து பலூனில் துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள். அதற்குப் பதிலாக 2024 மே மாதக் கடைசியிலிருந்து அவர்கள் குப்பை அனுப்பினார்கள். அதற்குப் பதிலாக நாம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டோம். அதற்குப் பதிலாக ஊளை. இரண்டு நாடும் தெருச் சண்டை போட்டன. தூக்கம் போனது நமக்கு. இந்த ஜூன் மாதம்கூட நம் தீவின் கரையில் ஆறு அமெரிக்கர்களைப் பிடித்தார்களே, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் புட்டிகளில் அரிசி, ஒரு டாலர் நோட்டு, பைபிள் எல்லாம் அடைத்துக் கடலில் விடப் போனார்கள் என்று.

சுன்ஜா: அரிசியை விட்டால் தப்பில்லை.

மிஜோங்: என்ன சொன்னீர்கள்?

சுன்ஜா: ஒன்றும் இல்லை. அந்த மூலையில் மிளகாய் குவிந்து கிடக்கிறது, பரப்பு.

(இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சுன்ஜா அக்கா பிறந்தது மேற்கே, அக்கரையில், யோன்பெக் சமவெளியில். போருக்கு முன் அது தென் பகுதியில்தான் இருந்தது. 1951-இல், ஆறு வயதில், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படகில் வந்தார். சில நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் வந்தார்கள். 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தக் கோடு போட்டார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. கோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவருடைய பன்னிரண்டு வயது அக்கா அங்கேயே தங்கிவிட்டாள்.)

மிஜோங்: உங்கள் அண்ணனுக்குக்கூட 2018-இல் காளான் வந்ததே?

சுன்ஜா: வந்தது. கிம் இரண்டு டன் பைன் காளான் அனுப்பினான். தங்கள் சொந்தங்களைப் பார்க்க முடியாமலே கிழடான நாலாயிரம் பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ என்று பங்கு போட்டார்கள். அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கேட்டேன், காளான் வந்திருக்கிறது என்றார். பதிலுக்கு நம் அரசாங்கம் ஜேஜு தீவிலிருந்து இருநூறு டன் ஆரஞ்சு அனுப்பியது. இரண்டு பக்கமும் காய்கறி வியாபாரம் நன்றாக நடந்தது.

மிஜோங்: காளானை என்ன செய்தார்?

சுன்ஜா: வறுத்துச் சாப்பிட்டோம். வாசனை பிரமாதம். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மிஜோங்: பிரிந்த குடும்பங்களின் சந்திப்புக் குலுக்கலுக்கு நீங்களும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்தானே?

சுன்ஜா: 2000-இலேயே கொடுத்தேன்.

மிஜோங்: 2018 ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு சந்திப்பும் நடக்கவில்லை. கிம்மோ, 2023 டிசம்பரில், இனி நாம் உறவினர்கள் இல்லை, இரண்டு பகை நாடுகள் என்றே அறிவித்துவிட்டான். பெயரை எடுத்துவிட்டீர்களா?

சுன்ஜா: ஏன் எடுக்க வேண்டும்? அது பாட்டுக்கு இருக்கிறது.

மிஜோங்: அதனால்தான் அந்தப் பழைய தொலைபேசியை எடுக்க விடமாட்டேன் என்கிறீர்களா? கம்பி இழுத்த தொலைபேசி எதற்கு என்று உங்கள் மகன் தலையில் அடித்துக்கொண்டானே!

சுன்ஜா: விண்ணப்பத்தில் அந்த எண்தான் எழுதியிருக்கிறது. எண்ணை மாற்றப் படிவம் நிரப்ப வேண்டும். எனக்குக் கண் தெரியவில்லை.

மிஜோங்: மிளகாயில் ஒரு சொத்தையைக்கூட விடாமல் பொறுக்குகிறீர்கள்.

சுன்ஜா: மிளகாய் பெரிய எழுத்து.

(காற்று மாறுகிறது. மேற்கே மேகம்.)

மிஜோங்: அக்கா, இன்று மழை வரும் என்று காலையில் வானிலைச் செய்தியில் சொன்னார்கள்.

சுன்ஜா: நேற்றும் சொன்னார்கள். முந்தாநாளும் சொன்னார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால் இந்த வருடம் மிளகாய்ப் பொடியே கிடையாது.

மிஜோங்: அப்படியானால் வானத்தை நம்பித்தான் காயப்போட்டீர்களா?

சுன்ஜா: வானத்தை எந்த முட்டாள் நம்புவான்? வெயில் அடித்தது, போட்டேன். தூறினால் மூடிவிடுவேன்.

மிஜோங்: நான் இவ்வளவு நேரமும் ஜன்னலைப் பற்றி அதைத்தானே...

சுன்ஜா: அது வேறு, இது வேறு. வானத்துக்கு அணுகுண்டு கிடையாது.

(ஒரு துளி சுன்ஜா அக்காவின் கையில் விழுகிறது. இன்னொன்று மிளகாய் மேல். பிறகு எண்ண முடியாதபடி.)

சுன்ஜா: மூடு, மூடு! தார்ப்பாய் எங்கே?

மிஜோங்: எந்தத் தார்ப்பாய்?

சுன்ஜா: நீலத் தார்ப்பாய்! மிளகாய்க்கு மூடுகிற தார்ப்பாய்!

மிஜோங்: அதை நீங்கள்தான் போன வருடம் ஜன்னலில் ஒட்டிவிட்டீர்களே.

(ஒரு கணம் இருவரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். மூன்று மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் சுன்ஜா அக்கா முற்றத்தை நான்கு எட்டில் கடக்கிறார். இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார். ஒட்டும் நாடா கிழிகிறது, தார்ப்பாய் வருகிறது, அதோடு ஒட்டிக்கொண்டு தெர்மாகோல் பலகையும் வருகிறது, இரண்டாக உடைந்து வெள்ளை உருண்டைகள் முற்றமெங்கும் பறக்கின்றன. மிஜோங்கின் கோழிகள் வேலிக்கு அடியில் புகுந்து வந்து அவற்றைக் கொத்துகின்றன.)

மிஜோங்: சூ! சூ! அதைத் தின்னாதே!

சுன்ஜா: சொன்னேனே, எதைப் பார்த்தாலும் நம்பிவிடும் பிராணி என்று. அந்த முனையைப் பிடி!

(தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, இருவரும் தாழ்வாரத்தில் வந்து உட்காருகிறார்கள். பின்னால் திறந்து கிடக்கும் ஜன்னல் வழியாக ஈரக்காற்று வீட்டுக்குள் போகிறது.)

மிஜோங்: கழற்றிவிட்டீர்கள்.

சுன்ஜா: மழை விட்டதும் ஒட்டிவிடுவேன்.

மிஜோங்: பலகை உடைந்துவிட்டதே.

சுன்ஜா: புதிதாக வாங்கலாம். நாளைக்குக் கடைக்குப் போகிறாயா?

மிஜோங்: நாளைக்கு மிளகாயைத் திரும்பக் காயவைக்க வேண்டுமே.

சுன்ஜா: அப்படியானால் நாளை மறுநாள்.

மிஜோங்: அன்று ஞாயிற்றுக்கிழமை.

சுன்ஜா: சரி, அடுத்த வாரம் போ. பலகை கனமானதாகப் பார்த்து வாங்கு. (ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்து) கொசுவலையும் ஒன்று வாங்கி வா.