மாமாவின் பட்டினியும் ஓசுமியின் ஈஸ்ட்டும்

குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு கெட்ட செல்களைத் தானே தின்றுவிடுமாம், புற்றுநோய் கிட்டவே வராதாம், இதைக் கண்டுபிடித்த ஜப்பான் டாக்டருக்கு நோபல் பரிசாம். கடைசி வரியில் வழக்கம்போல ஏகாதசி விரதம். இதை நம்பி என் மாமா சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டை விட்டார். பதினோரு மணிக்குப் படபடப்பு, வேர்வை, கண் இருட்டல். சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் ஆள் தெளிந்தார்.

அந்த 'ஜப்பான் டாக்டர்' யோஷினோரி ஓசுமி மருத்துவர் அல்ல, செல்களை ஆராய்பவர். அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. ரொட்டி மாவை உப்பவைக்குமே, அதேதான். 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் கிடைத்தபோது அவருக்கு வயது 43. ஈஸ்ட் செல்லுக்குள் வாக்குவோல் என்று பெரிய குமிழ் ஒன்று உண்டு. வெறும் குப்பைத்தொட்டி என்று பலர் அதை ஒதுக்கியிருந்தார்கள். மனிதர் அங்கே போய் உட்கார்ந்தார்.

அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். குமிழுக்குள் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்து, நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டார். செல் தின்னப்போகும் தன் சொந்தப் பாகங்கள் சரக்காக வந்து குமிழில் இறங்கும், உடைக்க ஆள் இருக்காது. சில மணி நேரத்தில் குமிழ் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தது! அப்புறம் மரபணு பழுதான ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சலித்து, இப்படிச் சரக்கு வந்து சேராத 15 வகைகளை அவரும் அவருடைய மாணவியும் 1993-ல் வெளியிட்டார்கள். 2016 நோபல் இதற்குத்தான்.

செல் தன்னையே தின்னும் இந்த வேலைக்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். பெயர் ஓசுமியின் ஆய்வைவிடப் பழையது. 1963-லேயே கிறிஸ்டியன் டி டூவ் வைத்தது. ஈஸ்ட்டின் குமிழ் செய்யும் வேலையை நம் செல்லில் செய்யும் லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் அவரே. நம் பள்ளிப் பாடத்தில் லைசோசோமுக்குத் 'தற்கொலைப் பை' என்று பெயர். இரண்டு மதிப்பெண்ணுக்கு நானும் எழுதியிருக்கிறேன். காயலான் கடை என்று சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவோ பொருத்தமாக இருந்திருக்கும். பழுதான பாகங்களைச் சுற்றி ஒரு சவ்வு கிண்ணம்போல வளர்ந்து, வாய் மூடி, பொட்டலமாகி லைசோசோமோடு சேர்கிறது. உள்ளே அமிலமும் நொதிகளும் அதை உடைக்கின்றன. வெளியே வரும் அமினோ அமிலங்களில் புதுப் புரதம் செய்துகொள்கிறது செல். பழைய இரும்பு உலைக்குப் போய்க் கம்பியாகத் திரும்புகிற கதை.

இந்தக் கடைக்கு ஷட்டரே கிடையாது. நாம் ஒரு நாளில் சாப்பிடும் புரதம் 60, 70 கிராம். உடம்பு புதிதாகக் கட்டுவதோ 200 கிராமுக்கும் மேல். மீதிக்கான சரக்கு பழையதை உடைத்து வருவதுதான். (புரதங்களை ஒவ்வொன்றாக நறுக்கும் புரோட்டியாசோமும் இதில் பங்காளி. 2004-ல் வேதியியல் நோபல் அந்தப் பக்கம் போனது.) பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடும் என்பது உண்மை. பிறந்த எலிக்குட்டிக்குத் தொப்புள்கொடி வழி வந்த உணவு நின்று, தாய்ப்பால் வரும் வரையிலான இடைவெளியைக் கடக்கவே இது வேண்டும். இதற்கான ஒரு மரபணுவை நீக்கிய குட்டிகள் ஒரு நாளுக்குள் செத்துப்போயின.

ஆனால் உங்கள் உடம்பில் 16-வது மணியில் சுவிட்ச் போட்டதுபோல அது தொடங்கும் என்று யார் அளந்தார்கள்? பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது. புற்றுநோய் விஷயம் இன்னும் சிக்கல். வளர்ந்துவிட்ட கட்டி, உணவு குறைந்த நேரத்தில் இதே வித்தையை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். அதனால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தைக் கொடுத்து ஆட்டோஃபேஜியைத் தடுத்துப் பார்க்கும் சிகிச்சைச் சோதனைகள்கூட நடந்திருக்கின்றன. இந்தப் பாதி மட்டும் ஃபார்வர்டில் வருவதே இல்லை.

விரதம் இருப்பவர்கள் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஓசுமியின் தலையில் கட்டாதீர்கள்.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மாமா மட்டும், "அப்போ நாளைக்குக் காலையில் இட்லி உண்டுதானே?" என்று கேட்டிருந்தார். மாத்திரை போட்டால் கட்டாயம் உண்டு மாமா என்றேன்.