பிரம்பு போனதால் வகுப்பு கெட்டுவிடவில்லை

போன வாரம் ஆசிரியர் பயிற்சியில், புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி கேட்டார்: "டீச்சர், எட்டாம் வகுப்பை எப்படி அமைதியா வச்சிருக்கிறது?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசையிலிருந்து பதில் வந்துவிட்டது. "பிரம்பைப் பிடுங்கிட்டாங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது தம்பி." பலரும் தலையாட்டினார்கள். அந்தத் தம்பிக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாக வதைப்பதையும் தடை செய்கிறது. அது சரியான சட்டம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பிரம்பு இருந்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த அமைதிக்குப் பயந்து ஆறாம் வகுப்போடு, ஏழாம் வகுப்போடு வலைக்குப் போனவர்கள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனை பேர்? இன்று பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் எனக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு. முதல் வருடம் முழுக்கக் கத்தினேன். சாயங்காலம் தொண்டை கட்டிப் போகும். கடைசி பெஞ்சில் ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருவான், வந்ததும் தூங்குவான். அவனை வாசலில் நிற்க வைத்தேன். ஒருநாள் அவன் அம்மா வந்து, "வலையில நண்டு கழட்டிட்டு நேரா வர்றான் டீச்சர், நாலு மணிக்கே எந்திரிச்ச பிள்ளை" என்றார். இங்கே விசைப்படகு போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு. அவன் தாமதமாக வந்த நாள்கள் அத்தனையும் நாட்டுப்படகு நாள்கள். வருகைப் பதிவேட்டில் என் கண் முன்னாலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அவனை வாசலில் நிற்க வைத்தது இன்றும் மனதை அறுக்கிறது.

அதற்கப்புறம் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை மாற்றினேன். மணி அடிக்கும் முன்பே கரும்பலகையில் மூன்று கணக்கு எழுதி வைத்துவிடுவேன். இரண்டு நேற்றையது, ஒன்று போன மாதத்தையது. உள்ளே வருகிற பிள்ளை உட்கார்ந்ததும் தொடங்க வேண்டியதுதான். அவர்கள் போடும்போதே வருகைப்பதிவு முடிந்துவிடும். தாமதமாக வருகிறவனும் பேசாமல் வந்து உட்கார்ந்து தொடங்குவான். ஏன் லேட் என்று எல்லார் முன்னாலும் விசாரிப்பதில்லை, இடைவேளையில் தனியாகக் கேட்பேன். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி இரைச்சல் அடங்கியது. பிள்ளைகள் சும்மா இருக்கும்போதுதான் வகுப்பு கலைகிறது. கையில் வேலை இருந்தால் கலைவதற்கு நேரம் ஏது?

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறைய வகுப்புகளைப் படம்பிடித்துப் பார்த்து 1970இல் எழுதியதும் இதைத்தான். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் வித்தியாசம், தப்பு நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் இல்லை. தப்பு நடக்காதபடி முன்னாலேயே என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. பிரம்பு எப்போதுமே தப்புக்குப் பிறகு வருவது.

அந்தப் பையனிடம் திரும்ப வருகிறேன். பின்னம் நடத்தும்போது புத்தகத்து ஆப்பிளை விட்டுவிட்டு வள்ளத்துப் பங்குக் கணக்கைப் போட்டேன். மீன் விற்றது 9,300 ரூபாய், டீசல் 1,500. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு ஆளுக்கு எவ்வளவு? நான் சாக்பீஸை வைப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து "ஆயிரத்து முந்நூறு டீச்சர்" என்று குரல் வந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். எழுந்து வந்து பலகையில் 7,800இல் ஆறில் ஒரு பங்கு என்று எழுதினான். "வள்ளமும் வலையும் அப்பாவோடதுன்னா, அப்பாவும் போயிருந்தா, ஆறுல மூணு அப்பாவுக்கு. அது பாதி டீச்சர்" என்று அவனே சேர்த்துச் சொன்னான். பின்னத்தைச் சுருக்குவது அன்று அவன் நடத்திய பாடம். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் தூங்கியதே இல்லை என்று சொல்ல மாட்டேன், நாட்டுப்படகு நாளில் தூங்குவான். ஆனால் முழித்ததும் பலகையைப் பார்ப்பான்.

இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டதும் ஒரு விநாடிகூடச் சரியாகப் பொறுப்பதில்லை. 3 விநாடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். எனக்குப் பழக ஒரு பருவம் ஆனது. அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போய்வரும் பெண் பிள்ளைகள் என் வகுப்பில் மூன்று பேர். அவர்களின் குரலை நான் கேட்டதே இந்த மூன்று விநாடிக்குப் பிறகுதான்.

பையன் பேசினால் பலகையிலிருந்து பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். முப்பது தலை அவன் பக்கம் திரும்பும், அவன் மானத்துக்காக எதிர்த்து நிற்பான். நடந்து போய், பக்கத்தில் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி "இரண்டாவது கணக்கு என்ன ஆச்சு?" என்றால் போதும்.

நாலு பேர் குழு எனக்குச் சரிவரவில்லை. ஒருத்தி எழுதுவாள், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இடமும் இல்லை. இரண்டு இரண்டு பேராகப் பேச விட்டால் ஓடுகிறது. பேச்சை நிறுத்த நான் "ஏலேலோ" என்பேன், மொத்த வகுப்பும் "ஐலசா" என்று சொல்லிவிட்டு நிறுத்தும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஜன்னல் படபடக்கும்போது என் குரல் எடுபடாது, அந்தச் சத்தம் எடுபடும்.

எல்லா நாளும் இது பலிக்காது. ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கழித்து ஜூன் 14இல் முடிகிறது. இரண்டு மாதம் சும்மா நின்ற விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் நாளில் எந்த உத்தியும் நிற்காது, பிள்ளைகளின் காது முழுக்கக் கரையில் இருக்கும். அன்று நான் புதுப் பாடம் எடுப்பதில்லை. என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று அவர்களையே சொல்ல விட்டு, பலகையில் அட்டவணை போடுகிறோம்.

தம்பி, நீங்கள் இதைப் படித்தால் ஒருநாள் எங்கள் பள்ளிக்கு வாருங்கள். தலைமையாசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாட்டுப்படகு நாளாகப் பார்த்து வாருங்கள், கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் இடம் இருக்கிறது.