62 முறை கீழே விழுந்த பையனைப் பார்த்து "வெறி பத்தல" என்று சொல்லாதீர்கள்

சார்லட்டில் இருக்கும் நம்மாட்களுக்கு இது யாரைப் பற்றி என்று தலைப்பிலேயே தெரிந்திருக்கும். எங்கள் ஊர் அணி கரோலினா பேந்தர்ஸ் 2023இல் எடுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற ஆள், பிரைஸ் யங்கைப் பற்றித்தான். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்எல் என்ற அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகில் வருடா வருடம் ஏப்ரல் மாதம் டிராஃப்ட் நடக்கும். கல்லூரியில் ஆடிய பையன்களை 32 அணிகளும் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். ஏலம் எல்லாம் கிடையாது. முந்தின சீசனில் ஆகக் கடைசியில் வந்த அணிதான் முதலில் எடுக்கும். அதாவது நாட்டிலேயே நல்ல பையன் என்று பெயர் எடுத்தவன் நேராகப் போய் விழுவது இருப்பதிலேயே மோசமான அணியில். ஏன் மோசமான அணி? கோச் சரியில்லை, தடுப்பாட்டக்காரர்கள் சரியில்லை, முதலாளிக்குப் பொறுமை இல்லை, இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அந்த ஓட்டை எல்லாவற்றையும் 21 வயதுப் பையன் வந்து அடைத்துவிட வேண்டும் என்று நாம் உட்கார்ந்துகொண்டு எதிர்பார்க்கிறோம்.

எங்கள் பேந்தர்ஸ் கதை இதைவிட மோசம். 2023இல் எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். முதல் இடம் வேண்டும் என்று சிகாகோ பேர்ஸ் அணியிடம் போய் டிரேட் போட்டார்கள். பதிலுக்குக் கொடுத்தது அந்த ஒன்பதாவது இடம், அதே வருடத்து 61ஆவது இடம், 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, இவ்வளவும் போதாதென்று டி.ஜே. மூர். அணியில் இருந்த ஒரே நல்ல ரிசீவர் அவர்தான். யோசித்துப் பாருங்கள், பந்தை எறியப் போகும் பையனை வாங்குவதற்காக, அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டிய ஆளைக் கொடுத்துவிட்டு வந்தோம். மூர் அந்த சீசனில் சிகாகோவுக்காகப் பந்தைப் பிடித்து 1,364 யார்டு தூரம் எடுத்தார், அவர் வாழ்க்கையிலேயே அதுவரை அதுதான் அதிகம். இங்கே எங்கள் பையன் நம்பி எறிய இருந்தவர் 33 வயது ஆடம் தீலன். அவரும் பாவம், 103 பந்து பிடித்தார், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவரைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

அப்புறம் அந்த 2024 முதல் சுற்று. நாங்கள் 17இல் 15 ஆட்டம் தோற்றதால் அது அடுத்த வருடத்தின் முதல் இடமாகவே ஆகிவிட்டது, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் தோற்கத் தோற்க இன்னொரு ஊர்க்காரனுக்கு லாபம். ரசிகனுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அந்த வலி அத்தனையையும் ஒரே ஆள் தலையில் கொண்டுபோய் இறக்கினோம். டிரேட் போட்டது அவனா? விலை பேசியது அவனா?

"38 மில்லியன் வாங்குறான் இல்ல?" என்று உடனே கேட்பார்கள். சரி, நான்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அதுவும் அவன் பேசி வாங்கிய தொகை கிடையாது. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாயோ அதற்கேற்ற சம்பளம் என்று ஏறக்குறைய நிர்ணயித்து வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் யாரை எடுத்திருந்தாலும் அதே காசுதான்.

முதல் சீசனில் அவனை எதிரணி 62 முறை பந்தோடு தரையில் சாய்த்தது. இதைச் சாக் என்பார்கள். டிவியில் பார்க்கும்போது ஒரு நொடியில் முடிந்துவிடும், ரீப்ளே போட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். நேரில் பாருங்கள். ஐந்தடி பத்தங்குலம் உயரம், தொண்ணூற்றிச் சொச்சம் கிலோ எடையில் ஒருவன், அவன் மேல் நூற்றைம்பது கிலோ ஆள் வந்து விழுகிறான். விழுந்த பிறகு எழுந்து, ஹெல்மெட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, அடுத்த பிளேவுக்கு, அதாவது அடுத்த நகர்த்தலுக்கு, நிற்க வேண்டும். ஒரு வருடத்தில் 62 தடவை அப்படி எழுந்து நின்றவனிடம் போய் "உனக்கு வெறி பத்தல" என்று எப்படிச் சொல்ல வாய் வருகிறது?

அடி வாங்கி வாங்கி ஒரு குவார்ட்டர்பேக்குக்கு என்ன ஆகும் என்றால், முதலில் கெட்டுப்போவது கண். தூரத்தில் ரிசீவர் எங்கே ஓடுகிறான் என்று பார்க்க வேண்டிய கண், பக்கத்தில் வருகிறவன் யார் என்று பார்க்க ஆரம்பித்துவிடும். அடுத்து கால். மூன்று எட்டு, ஐந்து எட்டு பின்னால் வைத்து, கடைசி எட்டு தரையில் ஊன்றும்போது பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும், ரிசீவரின் ஓட்டத்தோடு அந்தக் கணக்கு பொருந்தியிருக்கும். பயத்தில் கால் அவசரப்பட்டால் பந்து எங்கேயோ போகும். ஸ்டேடியத்தில் இருக்கிற எழுபதாயிரம் பேருக்கும் தெரிவது பந்து தவறியது மட்டும்தான்.

இதைச் சரிசெய்ய எந்தக் கோச்சும் உசுப்பேற்றிப் பேச வேண்டியதில்லை. உட்கார வைத்து, திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். அதற்கு அந்தக் கோச் முதலில் வேலையில் இருக்க வேண்டுமே! 2023இல் எங்கள் அணியில் நடந்ததைச் சொல்கிறேன். ஹெட் கோச் ஃபிராங்க் ரைக்தான் எந்த பிளே ஆடுவது என்று முடிவு செய்துகொண்டிருந்தார். முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. உடனே அந்த வேலையைத் தாமஸ் பிரவுனிடம் கொடுத்தார். மூன்று ஆட்டம் கழித்துத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். நவம்பர் 27 அன்று ரைக்கையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், கூடவே குவார்ட்டர்பேக் கோச் ஜாஷ் மெக்கவுனையும். தினமும் பக்கத்தில் நின்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் அவர். பிளே சொல்லும் வேலை மறுபடி பிரவுன் கைக்கு. ஒரே சீசனில் மூன்று முறை கைமாறியது.

என் வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் நான் இருந்த ஓரிடத்தில், கேம்பஸில் முதல் ரேங்கில் எடுத்த ஒரு பெண் எங்கள் டீமுக்கு வந்தாள். ஆறு மாதத்தில் மூன்று மேனேஜர் மாறினார்கள். முதலாமவர் "எல்லாத்தையும் கேட்டுட்டுச் செய்" என்றார், இரண்டாமவர் "ஏன் எல்லாத்துக்கும் கேக்குற" என்றார், மூன்றாமவர் அவள் பெயரையே தப்பாகச் சொன்னார். வருடக் கடைசியில் அவளுடைய மதிப்பீட்டில் "முனைப்பு போதாது" என்று எழுதினார்கள். முனைப்பு இல்லாமலா அவள் முதல் ரேங்க் வாங்கினாள்? அன்றைக்கு நான் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இளம் ஆட்டக்காரன் சரியாக ஆடவில்லை என்றதும் நாம் எல்லோரும் "மோட்டிவேஷன்" என்று ஆரம்பித்துவிடுவதில் எனக்கிருக்கும் கோபம் இதுதான். நாட்டில் முதல் ஆளாக எடுக்கப்படுகிற அளவுக்கு வந்தவனிடம் ஆசையும் உழைப்பும் இல்லாமல் இருக்க வாய்ப்பே குறைவு. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடி, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2021இல் வாங்கியவன் இவன். அவன் முகம் எப்போதும் அமைதியாக இருக்கும், கத்த மாட்டான், ஹெல்மெட்டைத் தூக்கி எறிய மாட்டான். ஜெயித்திருந்தால் இதே முகத்தைப் பார்த்து "என்னா நிதானம்" என்றிருப்போம்.

"ஸ்ட்ரவுட் மட்டும் எப்படி ஆடினான்?" என்ற கேள்வி வரும், வரட்டும். அதே டிராஃப்டில் இரண்டாவதாக ஹூஸ்டன் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் முதல் வருடமே எறிந்தது 4,108 யார்டு, 23 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் போய் எடுக்கும் ஸ்கோர்), எதிரணி பறித்த பந்து, அதாவது இன்டர்செப்ஷன், 5தான். அபாரமான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு டெமிகோ ரயன்ஸ் என்ற கோச் இருந்தார், பிளே சொல்லும் ஆள் வருடம் முழுக்க மாறவில்லை, இடது பக்கம் லாரமி டன்சில் மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரர் நின்றார். அவன் வாங்கிய சாக் 38. மறு வருடம் அந்தத் தடுப்பு தடுமாறியது, சாக் 52 ஆனது, இன்டர்செப்ஷன் 12 ஆனது. ஒரே வருடத்தில் ஸ்ட்ரவுட்டுக்கு வெறி குறைந்துவிட்டதா என்ன?

இன்னும் பழைய கதை ஒன்று. 2016இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜாரட் காஃப், ராம்ஸ் அணியில் தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் தோற்றான். வீண் என்று எழுதாத ஆள் இல்லை. அடுத்த வருடம் ஷான் மெக்வே கோச்சாக வந்தார், அணி 11 ஆட்டம் ஜெயித்தது, அதற்கடுத்த சீசனில் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டிக்கே போனது. அதே காஃப், அதே கை.

இதற்காக யங் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பந்தை விடாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருப்பான். திறந்து கிடக்கிற ஆளைப் பார்க்காமல் விட்ட பிளே எத்தனையோ. 2024 செப்டம்பர் 15, சார்ஜர்ஸ் அணியுடன் இங்கே நடந்த ஆட்டத்தில் நானும் இருந்தேன். 26-3 தோல்வி, மொத்தம் 84 யார்டுதான் எறிந்தான். அதற்கு முந்தின வாரம் நியூ ஆர்லியன்ஸில் 47-10. புதுக் கோச் டேவ் கனாலிஸ் வந்து இரண்டே ஆட்டம்.

அன்றைக்கு ஸ்டேடியமே ஊளையிட்டது. நானும் சேர்ந்து கத்தினேன், அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு முன்வரிசையில் வழக்கமாக ஒரு அப்பாவும் மகனும் உட்காருவார்கள், சீசன் டிக்கெட் என்பதால் முகம் பழக்கம். பையனுக்கு எட்டு வயது இருக்கும், யங்கின் 9ஆம் நம்பர் ஜெர்சி போட்டிருந்தான். சுற்றி எல்லோரும் கத்துவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு அப்பாவின் காலடியில் இருந்த பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தான். செப்டம்பர் மதிய வெயில், வேர்த்துக் கொட்டுகிறது, அதை ஜெர்சி மேல் போட்டுக் கழுத்து வரை ஜிப்பை இழுத்துக்கொண்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்குமேல் நான் கத்தவில்லை.

மறுநாள் யங்கை உட்கார வைத்துவிட்டு மாற்று குவார்ட்டர்பேக் ஆண்டி டால்டனை இறக்குவதாகச் சொன்னார்கள். அடுத்த ஐந்து ஆட்டத்தைத் தொடங்கியது டால்டன். அக்டோபரில் டால்டன் கார் விபத்தில் கைவிரலில் அடிபட்டுக்கொள்ள, யங் திரும்ப வந்தான். வந்தவன் வேறு மாதிரி ஆடினான். உடனே "பார்த்தியா, உட்கார வெச்சதும்தான் சூடு சொரணை வந்துச்சு" என்று ஒரு கதை கிளம்பியது, இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அதை நம்பவில்லை. அவமானப்படுத்தினால் ஆட்டம் வரும் என்றால் 2023இலேயே வந்திருக்க வேண்டும், அந்த வருடம் அவமானத்துக்கா பஞ்சம்? என் கணக்கு வேறு. அந்த ஐந்து வாரம் அவன் மேல் ஆட்கள் வந்து விழுவது ஏறக்குறைய நின்றது. பல வருடம் ஆடிப் பழகிய டால்டன் அதே பிளேக்களை எப்படி ஆடுகிறார், எப்போது பந்தை விடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களைப் பெரிய விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள், நடுவில் சுவர் கொஞ்சம் நின்றது. எல்லாவற்றையும்விட, திரும்பி வந்தபோது கோச் அதே கோச். அடுத்த வருடமும் அதே கனாலிஸ். தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே ஆளிடம் இரண்டாம் வருடப் பாடம் கேட்டான். 2025 நவம்பரில் அட்லாண்டாவுக்கு எதிராக 448 யார்டு எறிந்தான், எங்கள் பழைய குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் வைத்திருந்த அணி ரெக்கார்டு போனது. அந்த சீசனில் எங்கள் டிவிஷனில் (பிரிவில்) முதலிடம் எங்களுக்கு, வீட்டு மைதானத்தில் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் ஆட்டம். ராம்ஸிடம் 34-31 என்று தோற்றோம், ஆனால் கடைசி நிமிடம் வரை உட்கார முடியாத ஆட்டம்.

எனக்கு அதைவிட நினைவில் நிற்பது 2024 நவம்பர் 24. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் இங்கே வந்திருந்தார்கள், எதிரில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ். கடைசியில் யங் அணியை நகர்த்திக்கொண்டுபோய் 27-27 என்று சமன் செய்தான். நேரம் முடிகிற நொடியில் அவர்கள் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து 30-27 என்று ஜெயித்துவிட்டார்கள். தோல்விதான். ஆனால் முன்வரிசை அப்பாவும் மகனும் உட்பட நிறையப் பேர் நின்று கைதட்டினார்கள். அன்றைக்கு அந்தப் பையன் அதே ஜாக்கெட்டைப் போட்டிருந்தான், அதற்கு மேலே 9ஆம் நம்பர் ஜெர்சி, உப்பிக்கொண்டு நின்றது. படியில் இறங்கும்போது அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டுக்கொண்டே போனான்.